தானியத்துறவு

ஷிகோ கிராமம்
1994 ஆகஸ்ட் 28

அன்புள்ள யான்பிங் அக்காவுக்கு,

அம்மா ஆவிரொட்டியை வெந்நீரில் ஊறவைத்துச் சாப்பிடுகிறாள்.

நலம் கேட்காமலே ஆரம்பித்துவிட்டேன். இந்த எழுத்தைப் பார்க்கும்போது என் முகத்தைப் பார்த்ததாக வைத்துக்கொள். நாங்கள் இருவரும் சுகம். பன்றியும் சுகம். டோங்குவானில் இன்னும் மழையா? ஊசி குத்திய உன் விரல் ஆறிவிட்டதா?

ரொட்டி விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மனதில் அடைத்துக்கொண்டே இருக்கும். அம்மா எப்படிச் சாப்பிடுவாள் என்று உனக்குத் தெரியும். ஒரு கையில் காய்ந்த ரொட்டி, இன்னொரு கையில் வெங்காயத்தாள், வாசலில் குந்திக்கொண்டு கறுக் கறுக்கென்று கடிப்பாள். ரொட்டியை ஊறவைத்துத் தின்கிறவர்களைப் பல்லில்லாத வாத்து என்று கேலி செய்தவள். பத்து நாளாக அவளே கிண்ணத்தில் பிய்த்துப் போட்டு, வெந்நீர் ஊற்றி, கூழாகும்வரை காத்திருக்கிறாள். வெங்காயத்தாளைத் தொடுவதே இல்லை. நேற்று நான் பார்ப்பதைப் பார்த்ததும், கிண்ணத்தோடு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

இன்னொரு செய்தி. இதற்கு நீ சிரிப்பாய். தானியக் கிடங்கு முற்றத்தில் தினமும் காலையில் மூச்சுப் பயிற்சி நடக்கிறது. நகரத்திலிருந்து துவான் என்று ஓர் ஆசான் வந்திருக்கிறார். வானத்திலிருந்து இறங்கும் உயிர்க்காற்றை உடம்புக்குள் வாங்கிச் சேர்த்து வைக்க வேண்டுமாம். அலுமினியப் பாத்திரத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டால், ரேடியோவுக்குக் கம்பி வைத்த மாதிரி, நன்றாக இறங்குமாம். நாற்பது பேர் பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார்கள். அம்மா நம் கஞ்சிப் பானையையே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கஞ்சி வைக்கப் பானை இல்லை என்று நானும் போய் அவள் முன்னால் நின்றேன். வழக்கம்போலப் பேச்சு வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹாவ் சித்திதான் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"என்னடி, பானைய வாங்க வந்தியா? உங்கம்மா தலையையும் சேத்துத் தூக்கிட்டுப் போ. வானத்துலருந்து எறங்குனதுல பாதி அதுக்குள்ளதான் கெடக்கு."

அம்மா கண்ணைத் திறக்காமலே, "சட்டியில வைடி. உனக்கு மட்டும் வச்சாப் போதும்" என்றாள்.

எனக்கு மட்டும் வைத்தால் போதும் என்று ஏன் சொன்னாள் என்று தெரியவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. தலை ஈரத்தோடு தூங்காதே.

உன் தங்கை
மைசுய்


டோங்குவான்
1994 செப்டம்பர் 10

என் வாயில்லாப் பூச்சிக்கு,

வாயில் வராததெல்லாம் உனக்குக் கையில் வருகிறது. நல்லது, எழுது. எனக்கு விரல் ஆறிவிட்டது, மழை ஆறவில்லை. ஒரு நாளைக்கு எண்ணூறு கரடி பொம்மைக்குக் கண் வைக்கிறேன். கண்ணை மூடினாலும் எண்ணூறு கரடியும் என்னை முறைக்கின்றன.

பானைக் கதையை ஆலை விடுதி அறையில் உரக்கப் படித்தேன். பன்னிரண்டு பேரும் கட்டிலில் உருண்டார்கள். சிச்சுவான்காரி ஒருத்தி இருக்கிறாள், துணி துவைக்கிற வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, "எறங்குது, எறங்குது, எனக்கு ஓவர்டைம் எறங்குது" என்று கத்தினாள். மேற்பார்வைக்காரி ஓடிவந்து அவளை வாளியோடு பிடித்தாள்.

ஆனால் ரொட்டிக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவுக்கும் முதலில் ரொட்டிதான் நின்றது. பிறகு நூடுல்ஸ், பிறகு கஞ்சி, பிறகு தண்ணீர். உனக்கு அப்போது எட்டு வயது, வரிசை ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கிறது. அந்தத் தொண்டை நோய் நம் மலைப்பக்கத்தில் எந்த வீட்டை விட்டுவைத்தது? கோழியைக்கூட விடவில்லை. வசந்தத்தில் டாக்டர்கள் வந்தார்களே, நூலில் கட்டிய வலைப்பந்தை விழுங்கவைத்து வெளியே இழுத்துப் பார்ப்பார்களே, அம்மா விழுங்கினாளா? என்ன சொன்னார்கள்? அவளுக்குத் தொண்டையில் அடைக்கிறதா, இல்லையா? சுற்றி வளைக்காமல் நேராக எழுது.

குளிர் ஆரம்பிக்கும். அம்மாவின் முழங்காலுக்குத் துணி சுற்றச் சொல்.

அக்கா யான்பிங்


ஷிகோ கிராமம்
1994 செப்டம்பர் 20

யான்பிங்,

உங்கம்மா பேசுறேன். எழுதுறது உன் தங்கச்சி. நான் சொல்றத அப்படியே எழுதணும்னு சொல்லித்தான் ஒக்கார வச்சிருக்கேன்.

உன் லெட்டர அவ வாசிச்சுக் காட்டுனா. கேட்டுட்டு எனக்கு நல்லாச் சிரிப்பு. ரெண்டு கடவாப்பல்லு ஆடுது, அதனால ரொட்டிய ஊறவச்சேன். அதுக்குள்ள நீ எனக்குப் பெட்டி செய்ய மரம் வெட்டிடுவ போல. டாக்டருங்க வந்தாங்க. பந்த முழுங்குனேன். ஒண்ணுமில்ல, போயி வேலையப் பாருன்னு அனுப்பிட்டாங்க. போதுமா?

உங்கப்பாவ நினைச்சுப் பயப்படுற. நானும் அத மறக்கல. ஆஸ்பத்திரிக்கு நடந்து போன மனுசன். அறுத்தாங்க. அறுத்த எடத்து வழியா உயிர்க்காத்து பூரா வெளிய போயிடுச்சு. தச்சாலும் அது திரும்புமா? நாப்பதே நாளு. நான் இப்ப காத்த உள்ள சேத்துக்கிட்டு இருக்கேன். வெளிய விடல. அதனால நீ கவலப்படாத.

சோளம் நல்ல வெளச்சல். பெர்சிமன் இன்னும் பழுக்கல. நீ கரடிக்குக் கண்ண ஒழுங்கா வை. ஒண்ணரக் கண்ணு வச்சு வெளிநாட்டுப் புள்ளைங்கள அழவிடாத.

சூடா சாப்பிடு. ஆறுனத திங்காத.

அம்மா
(சொல்லச் சொல்ல எழுதியது: மைசுய்)


டோங்குவான்
1994 அக்டோபர் 4

அன்புள்ள அம்மாவுக்கும் மைசுய்க்கும்,

கடிதம் கிடைத்தது. படித்துவிட்டுச் சிரித்தேன், பிறகு கொஞ்சம் அழுதேன். அழுதது நிம்மதியில்தான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து திட்டிய மாதிரியே இருந்தது. பல் பிடுங்குகிறவன் சந்தைக்கு வருவான், பிடுங்கிவிடு அம்மா.

மைசுய், அந்தக் கடிதத்தின் கடைசியில் ஒரு வரி எழுதிவிட்டு, காகிதம் கிழிகிற அளவுக்கு மையை அழுத்தி அடித்திருக்கிறாய். ஏழாம் வகுப்போடு நின்றவள் என்று தபால்காரனுக்குத் தெரிய வேண்டுமா? அடுத்த முறை தப்பு வந்தால் வேறு காகிதம் எடு.

எனக்கு ஒரு நல்ல செய்தி. கண் வைக்கிற வேலையிலிருந்து என்னை மாதிரிப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, எங்கே நூல் மெலிந்திருக்கிறது, எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்கிற வேலை. நாற்காலி உண்டு! புத்தாண்டுக்கு ஊருக்குப் போகிறவர்கள் ரயில் பட்டியலில் பெயர் கொடுக்க வேண்டும், நவம்பர் முப்பதோடு பட்டியல் மூடிவிடும். அதற்குப் பிறகு டிக்கெட்டும் கிடையாது, விடுப்பும் கிடையாது. கோடைவரை இங்கேதான். பிரிவுத் தலைவி, "நீ போனா இந்த நாற்காலியில வேற ஆள் ஒக்காந்திருக்கும்" என்கிறாள். என்ன செய்யட்டும்? யோசித்து எழுதுங்கள்.

இருவரும் நலமாக இருங்கள்.

யான்பிங்


ஷிகோ கிராமம்
1994 அக்டோபர் 28

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதம். கோபிக்காதே. பெர்சிமன் பறிப்பை இந்த வருடம் நான் ஒருத்தியே செய்தேன். உச்சிக்கிளைப் பழங்களை மரத்திலேயே விட்டுவிட்டேன். உனக்கு நாற்காலி கிடைத்ததில் சந்தோஷம். முதுகுவலி குறைந்ததா?

இங்கே ஒரு பெரிய விஷயம் நடந்திருக்கிறது. ஊரே அதைத்தான் பேசுகிறது. நான் பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறேன்.

பத்தாம் தேதி காலையில் பயிற்சி முடிந்ததும் ஆசான் துவான் வரிசையாக வந்தார். அம்மா முன்னால் நின்றார். உள்ளங்கையை அவள் வயிற்றுக்கு நேராக, தொடாமல், ஒரு சாண் தள்ளிப் பிடித்தார்.

"தானியம் உள்ள போயி எத்தன நாளாச்சு?"

"பன்னெண்டு நாளு இருக்கும் ஆசானே."

"பசிக்குதா?"

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "இல்ல" என்றாள்.

அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "பாத்துக்குங்க. மலையில முப்பது வருசம் ஒக்காந்தவனுக்கு வாய்க்காதது, இந்த வயக்காட்டுப் பொம்பளைக்கு ரெண்டு மாசத்துல வாய்ச்சிருக்கு. தானியத்துறவு! இனிமே இவங்களுக்குச் சோறு வேணாம். காத்தே போதும்."

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அன்றிலிருந்து வீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். குழந்தைகளைக் கொண்டுவந்து அம்மா முன்னால் உட்காரவைக்கிறார்கள். அவள் பானையைத் தொட வரிசையில் நிற்கிறார்கள். வரப்புச் சண்டையில் அம்மாவின் தலைமுடியைப் பிடித்த ஹாவ் சித்தி இப்போது "மூத்தவளே, மூத்தவளே" என்று வெந்நீர் கொண்டுவருகிறாள். அம்மா தினமும் தலைவாரி, கல்யாணத்து நீலச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொள்கிறாள். அது இப்போது அவளுக்குத் தொளதொளவென்று இருக்கிறது. அம்மா சிரிக்கிறாள் அக்கா. அப்பா போனதிலிருந்து இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

நான் தினமும் சட்டியில் தினைக்கஞ்சி வைக்கிறேன், இரண்டு பேருக்கு. அம்மா ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு பன்றிக் கொட்டில் பின்னால் போவாள். காலிக் கிண்ணத்தோடு வருவாள். வரும்போது கண் சிவந்திருக்கும். பன்றி கொழுத்துவிட்டது.

ரயில் பட்டியல் பற்றிக் கேட்டிருந்தாய். அதைப் பிறகு எழுதுகிறேன்.

குளிரில் வெளியே குளிக்காதே.

மைசுய்


டோங்குவான்
1994 நவம்பர் 8

மைசுய்,

நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று எழுதிவிட்டு, அப்படித்தானா என்று யோசித்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

அம்மாவின் கதையை அறையில் சொன்னேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. வாளி கவிழ்த்த சிச்சுவான்காரியே, "எங்க ஊருலயும் ஒருத்தர் ஒரு வருசமா ஒண்ணும் திங்காம இருந்தாராம். உங்கம்மா பெரிய ஆளுடி. ஒரு போட்டோ வாங்கிக் குடு, தலகாணிக்கு அடியில வச்சுக்கறேன்" என்கிறாள். எனக்குப் பாதி பெருமை, பாதி பயம். நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அம்மா மூன்று ரொட்டி சாப்பிட்டுவிட்டு, நம் கிண்ணத்தையும் வழித்துச் சாப்பிடுவாள். அவளா பசிக்கவில்லை என்கிறாள்?

ஒருவேளை உண்மையாகவே இருக்கலாம். உலகத்தில் எனக்குத் தெரியாதது எவ்வளவோ. அம்மாவுக்கு ஒரு நல்லது நடந்தால் அதையும் சந்தேகப்பட வேண்டுமா?

நீ பக்கத்தில் இருக்கிறாய். நீ பார்க்கிறாய். அதனால் உன்னிடமே விடுகிறேன். இது உன் கைக்கு வர எட்டு ஒன்பது நாள் ஆகும். படித்த அன்றே பதில் போட்டால் முப்பதாம் தேதிக்குள் எனக்குக் கிடைத்துவிடும். பெரிய கடிதம் வேண்டாம். "வா" என்று ஒரு சொல் எழுது. நாற்காலி போனால் போகட்டும், வந்துவிடுகிறேன்.

உன் அக்கா


ஷிகோ கிராமம்
1994 நவம்பர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

என் முகத்தைப் பார்த்ததாக வைத்துக்கொள். உன் கடிதம் கிடைத்தது. அம்மா நலம். வேலையைக் கெடுத்துக்கொண்டு வர வேண்டாம் என்கிறாள். இங்கே முதல் பனி விழுந்திருக்கிறது.

மைசுய்


டோங்குவான்
1994 டிசம்பர் 5

அன்புள்ள அம்மாவுக்கும் மைசுய்க்கும்,

நலம், நலமே விழைகிறேன். பட்டியல் மூடிவிட்டது. நான் பெயர் கொடுக்கவில்லை. ஊருக்குப் போகிறவர்கள் இப்போதே பை கட்டி, பையின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைப் பார்க்காமல் இருக்க முதுகைக் காட்டிக்கொண்டு எழுதுகிறேன்.

இத்துடன் ஒரு பொட்டலம் வரும். மைசுய்க்குச் சிவப்புக் கம்பளிச் சட்டை. அம்மாவுக்கு வாழைப்பழ மிட்டாய். கடிக்க வேண்டாம், வாயில் வைத்தாலே கரைந்துவிடும். காற்றைச் சாப்பிடுகிறவளுக்கு ஒரு மிட்டாயால் துறவு கெட்டுவிடாதே?

மைசுய், உன் கடிதத்தைப் பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன், ஏதாவது இருக்குமோ என்று. ஏன் அவ்வளவு சின்னதாக எழுதினாய்? என்மேல் கோபமா? பெரிதாக எழுது. கோழி முட்டையிட்டதைக்கூட எழுது.

யான்பிங்


டோங்குவான்
1994 டிசம்பர் 28

மைசுய்,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. பொட்டலம் வந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

இன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் உன் கடிதங்களையெல்லாம் எடுத்து மறுபடி படித்தேன். அம்மா சொல்லி எழுதிய கடிதம் கையில் வந்தது. கடைசியில் அடித்த அந்த வரி. என் வேலை என்ன என்று எழுதியிருந்தேன் அல்லவா? துணியைப் பிடிக்கிற மாதிரி அந்தக் காகிதத்தை ஜன்னலில் பிடித்தேன். மை மேலே இருந்தாலும் பேனா அழுத்திய தடம் அடியில் இருக்கிறது. ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன்.

"அக்கா, பல் இல்லை, தொண்டை."

மூன்று மாதமாக இது என் பெட்டியில் இருந்திருக்கிறது. நான் அதைத் தப்பெழுத்து என்று கேலி செய்திருக்கிறேன்.

என்ன நடக்கிறது என்று எல்லாவற்றையும் எழுது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டாதே.

அக்கா


ஷிகோ கிராமம்
1995 ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். இங்கே யாரும் சுகமில்லை.

அன்று அம்மா சொல்லி முடித்துவிட்டாள். நான் குனிந்து அந்த வரியை எழுதினேன். அவளுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால், "நான் நிறுத்துன பொறவும் பேனா ஏன் ஓடுது?" என்றாள். அடிக்கச் சொன்னாள். முழுக்க மறையும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

வசந்தத்தில் டாக்டர்கள் வந்த அன்று அவள் விழுங்கவில்லை. அவர்கள் வண்டி திரும்பிப் போகும்வரை பெர்சிமன் தோப்பில் உட்கார்ந்திருந்தாள். அவளைத் தேடி நான்தான் போனேன். சுள்ளி பொறுக்குவதாகச் சொன்னாள். மடியில் ஒரு சுள்ளியும் இல்லை.

இப்போது நவம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். இதைத்தான் அப்போது எழுதியிருக்க வேண்டும்.

பதினெட்டாம் தேதி மாவட்டத் தலைநகரில், தொழிலாளர் மண்டபத்தில் கூட்டம். அறுநூறு பேர், அறுநூறு பாத்திரம். அம்மாவை மேடையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். ஐம்பத்தொன்றாவது நாள் என்று சிவப்புத் துணியில் எழுதிப் பின்னால் கட்டியிருந்தார்கள். ஆசான் துவான் என்னைக் கீழேயிருந்து கூப்பிட்டார்.

"ராத்திரி பகலா கூடவே இருக்குற பொண்ணு இது. பொய் சொல்லத் தெரியாத பொண்ணு. சொல்லும்மா, அம்மா சாப்பிட்டு நீ பாத்தியா?"

மைக்கை என் வாய்க்கு நேராகப் பிடித்தார். பள்ளிக்கூடத்தில் ஒரு வரி ஒப்பிக்க எழுந்து நின்றால் எனக்குக் கால் எப்படி நடுங்கும் என்று உனக்குத் தெரியும். அதனால்தானே அந்தப் பக்கமே போகாமல் நின்றுவிட்டேன். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, மடியில் இருந்த தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. சாப்பிடப் பாடுபட்டதைத்தான் பார்த்தேன். தினமும் கொட்டிலுக்குப் பின்னால் ஒரு வாய் வைப்பாள், கழுத்தை நீட்டுவாள், சுவரைப் பிடித்துக்கொள்வாள், எல்லாம் திரும்பி வந்துவிடும். மிச்சத்தைப் பன்றிக்கு ஊற்றிவிட்டு முகம் கழுவிக்கொண்டு வருவாள். இதையெல்லாம் சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"இல்ல" என்றேன்.

அவ்வளவுதான் வந்தது. அறுநூறு பேரும் பாத்திரத்தைத் தட்டினார்கள். ஆலங்கட்டி மழை மாதிரி இருந்தது. அத்தனை பேர் முன்னால் நான் பேசிய ஒரே சொல் அது. பொய்கூட இல்லை. அதனாலேயே எல்லோரும் நம்பிவிட்டார்கள்.

திரும்பும்போது அம்மாவைக் கைவண்டியில் வைத்துப் போர்வை போர்த்தி இழுத்துக்கொண்டு வந்தேன். அவளுக்கு இப்போது எடையே இல்லை. ஆஸ்பத்திரி முக்கில் வண்டியை நிறுத்தினேன்.

"அம்மா, இந்தப் பக்கம் திருப்பட்டுமா?"

"திருப்புனா எறங்கி நடந்து வீட்டுக்குப் போயிடுவேன். வழியில செத்தா உன் தலையில."

நான் வண்டியை எடுக்கவில்லை. பனி விழ ஆரம்பித்தது. அவளாகவே பேசினாள்.

"உங்கப்பா கெடந்தப்ப வந்தவங்கள ஞாபகம் இருக்கா? வாசல்லயே நின்னு, மூக்கப் பொத்திக்கிட்டு, ஐயோ பாவம்னுட்டுப் போவாங்க. ஹாவ் வீட்டுக்காரி நம்ம கிண்ணத்துல தண்ணி குடிக்க மாட்டா. இப்ப அதே ஹாவ் வீட்டுக்காரி எம் பானையத் தொட வரிசையில நிக்கிறா. எப்படியும் போறதுதாண்டி. பாவமா போறதுக்கு அதிசயமா போறேனே. உனக்கென்ன?"

"அப்ப உனக்குத் தெரியுமா?"

"வசந்தத்துலயே தெரியும். ரொட்டி நின்ன அன்னைக்கு நல்லாவே தெரிஞ்சு போச்சு."

"அந்த ஆசானுக்கு?"

"அவனுக்கு எது வேணுமோ அது தெரியும்."

வண்டியை இழுத்தேன். ஆற்றுப்பாலம் தாண்டியதும், "யான்பிங்க வரச் சொல்லாத. வாயாடி, வந்தா ஊரையே கூட்டிருவா. நீதான் வாயத் தொறக்க மாட்ட. அதான் உன்ன வச்சு எல்லாம் நடக்குது" என்றாள்.

நம் ஊர் தெரிகிற வளைவில் கடைசியாக ஒன்று சொன்னாள். மெதுவாகச் சொன்னாள்.

"மைசுய், பசிக்குதுடி."

மறுநாள்தான் உனக்கு அந்த மூன்று வரிக் கடிதத்தை எழுதினேன். அவள் பக்கத்தில் நிற்கவில்லை. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். "வா" என்று நான் எழுதியிருக்கலாம். யாரும் தடுக்கவில்லை. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

அதற்குப் பிறகு யாரும் இல்லாத நேரத்தில் தினையைக் குழைய வேகவைத்து, துணியில் வடிகட்டி, கரண்டியால் கொடுக்கிறேன். இரண்டு கரண்டி உள்ளே போக ஒரு மணி நேரம் ஆகும். மூன்றாவதை வேண்டாம் என்பாள். உன் மிட்டாய் வந்தது. ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு கரையும்வரை கண்ணை மூடியிருந்தாள். "ருசி தெரியுதுடி" என்றாள். பிறகு துணியில் துப்பிவிட்டாள். இன்று நூறாவது நாள் என்று ஆசானின் ஆட்கள் பட்டாசு வெடித்துவிட்டுப் போனார்கள். முந்தாநாளிலிருந்து தண்ணீரும் திரும்பி வருகிறது.

நீ கேட்ட சொல்லை இப்போது எழுதுகிறேன். வா.

மைசுய்


தந்தி
டோங்குவான், 1995 ஜனவரி 15

கடிதம் கிடைத்தது. டிக்கெட் இல்லை. நின்றே வருகிறேன். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர். யான்பிங்


ஷிகோ கிராமம்
1995 ஜனவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போவதில்லை. நீ வந்ததும் வாசலிலேயே உன் கையில் கொடுப்பேன். என்னால் வாயால் சொல்ல முடியாது. இதைப் படித்துவிட்டு உள்ளே வா. இரண்டு நாள் நின்றே வந்திருப்பாய், கால் வீங்கியிருக்கும். முதலில் படியில் உட்கார்.

உன் தந்தி நேற்று மதியம் வந்தது. அம்மா நேற்றுக் காலையிலேயே போய்விட்டாள். விடிந்து வெளிச்சம் வந்த பிறகுதான். வலிக்கிறதா என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். அது ஆமாமா, இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. உன் பெயரைச் சொன்னாள். கடைசியாக எதையோ விழுங்குகிற மாதிரி கழுத்தை நீட்டினாள். வாயில் ஒன்றும் இல்லை.

நான் அவளைக் கழுவி, நீலச் சட்டையைப் போட்டுவிட்டேன். ஹாவ் சித்தி உதவிக்கு வந்தாள். அதற்குள் பயிற்சிக்காரர்கள் கூட்டமாக வந்துவிட்டார்கள். ஆசான் துவான் வரவில்லை. வேறு மாவட்டத்தில் கூட்டம் என்று முந்தின நாளே பஸ் ஏறிவிட்டாராம். அம்மா மேடையில் உட்கார்ந்திருக்கும் போட்டோவை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அவருடைய ஆட்களில் கண்ணாடி போட்ட ஒருவர் கஞ்சிப் பானையை எடுத்து அம்மாவின் தலையில் மறுபடி கவிழ்த்தார். இது சாவு இல்லை, உடம்பை விட்டிருக்கிறார்கள், உயிர்க்காற்று பானைக்குள் நிற்கிறது, மூன்று நாள் யாரும் அசைக்கக் கூடாது என்றார். பானையைச் சுற்றி ஊதுவத்தி கொளுத்தினார்கள்.

ஹாவ் சித்தி தன் வீட்டிலிருந்து தலைமாட்டுக் கிண்ணம் கொண்டுவந்தாள். அரைவேக்காட்டுத் தினை, நடுவில் குத்திய இரண்டு குச்சி. கண்ணாடிக்காரர் அவள் கையைத் தடுத்தார்.

"தானியம் வைக்கக் கூடாது. நூத்திப்பத்து நாள் துறவு. ஒரு மணி பட்டாலும் எல்லாம் கலைஞ்சிரும்."

"ஏன்யா, தலைமாட்டுல கிண்ணம் இல்லாம யாரைய்யா அனுப்புவாங்க? பிச்சக்காரனுக்குக்கூட வைப்பாங்களே. போற வழியில பசிக்காதா?"

"அவங்களுக்குப் பசி கிடையாது. அந்தப் பொண்ணையே கேளு. மண்டபத்துல அதுதான சொல்லிச்சு."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஹாவ் சித்தியும் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, கிண்ணத்தை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இன்று காலைவரை அம்மா அப்படியே கிடந்தாள். தலையில் பானை, தலைமாட்டில் ஒன்றுமில்லை.

சொல்ல எனக்கு இப்போதும் வாய் வரவில்லை. ஊதுவத்தியைத் தாண்டிப் போய், அம்மாவின் தலையிலிருந்து பானையை எடுத்தேன். கண்ணாடிக்காரர் என் மணிக்கட்டைப் பிடித்தார். உதறினேன். கிணற்றடியில் உட்கார்ந்து சாம்பல் போட்டுப் பானையைத் தேய்த்தேன். அடுப்பை மூட்டி, இரண்டு கை தினை போட்டேன். வழக்கம் அரைவேக்காடு. நான் குழையும்வரை காத்திருந்தேன். துணியில் வடிகட்டி, கிண்ணத்தில் ஊற்றி, அம்மாவின் தலைமாட்டில் வைத்தேன்.